மூன்று ஜெலட்டின் விரல்கள்

பொம்மசந்திரா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு ஃபேக்டரி வாசலில் போன மாதம் ஒரு பொய் சொன்னேன்.

"நீங்க யாரும்மா இவருக்கு?" என்று செக்யூரிட்டி கேட்டார்.

"பெரியம்மா பொண்ணு."

எழுதிக்கொண்டு உள்ளே விட்டுவிட்டார். பக்கத்தில் நின்றிருந்த முருகேசனை அதற்கு முன்னால் நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். அவர் எனக்குத் தம்பியும் இல்லை, ஒன்றுவிட்ட உறவும் இல்லை. ஆனால், பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த கேட்டைத் தாண்டியிருக்க முடியுமா?

உள்ளே போய்விட்டு வந்ததிலிருந்து எனக்கு ஒரே கோபம். வழக்கமான கிண்டலை எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைத் திருப்பியவர்கள் இந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் ஜெசிந்தாவிடமிருந்து ஆரம்பிக்கிறது. காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ரொம்ப வருடம் ஸ்கூலில் டிராயிங் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். சர்ச் கொயரில் பாடுவாள். தெருப் பூனைகளுக்குத் தினமும் சோறு வைப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு பைத்தியம் — ரத்தப் படம்.

தியேட்டரில் வருகிற படங்கள் இல்லை. செல்போனில் எடுத்து, லேப்டாப்பில் வெட்டி ஒட்டி, சென்சார் பக்கமே தலைவைத்துப் படுக்காமல், தெரிந்தவர்களுக்குள் போட்டுக் காட்டிக்கொள்கிற குறும்படங்கள். எல்லாம் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கை போகும், கால் போகும், குடல் வெளியே வரும். எடுக்கிறவர்கள் எல்லாம் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கொலை செய்கிறவர்கள்.

"குடல் எதுல செய்றாங்க தெரியுமா? லேடீஸ் சாக்ஸுக்குள்ள பஞ்சு அடைச்சு, மேல ஜாம் தடவி..." என்று ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கியவள் ஜெசிந்தா. நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மத்தியானம், இந்தப் படங்களைத் திரையிடுவாள். எந்த இடம் என்று அன்றைக்குக் காலையில்தான் வாட்ஸ்அப்பில் வரும். முன்கூட்டியே சொன்னால் யாராவது ஹால்காரரிடம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்களாம். 'ரத்தம் கித்தம்னா வேணாம்மா' என்று ஹால்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிடுகிறாராம். இந்தத் தடவை ஒரு டான்ஸ் கிளாஸின் மாடி.

"நீ வந்து ஜட்ஜா உக்காரு மேன்" என்றாள். ஆணோ பெண்ணோ, அவளுக்கு எல்லோரும் 'மேன்'தான்.

"எனக்கு ரத்தத்தப் பார்த்தா மயக்கம் வரும்டீ."

"அப்போ நல்ல ஜட்ஜு. மயக்கம் வந்தா பத்துக்குப் பத்து போடு."

போனேன். ஜன்னல்களில் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். நடராஜர் சிலையை ஒரு வேட்டியால் மூடியிருந்தார்கள் — அவர் பார்க்க வேண்டாம் என்று. நாற்பது பேர் இருப்பார்கள். முதல் படத்தில் ஒருத்தி ஃப்ரிட்ஜைத் திறக்கிறாள், தலை இருக்கிறது. இரண்டாவதில் ஐ.டி. கம்பெனி முழுக்கப் பிணங்களாகி லிஃப்டில் இறங்குகிறது. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானும்தான். கொஞ்சம் பயம், நிறையச் சிரிப்பு. பரவாயில்லையே என்று தோன்றிவிட்டது. மார்க் ஷீட்டில் தாராளமாக எழுதிக்கொண்டே போனேன்.

ஐந்தாவது படத்தின் பெயர் 'இரண்டு பட்டன்'. எட்டு நிமிஷம். வசனமே கிடையாது.

ஒரு பவர் ப்ரெஸ் மெஷின். தகட்டை வைத்தால் மேலேயிருந்து ஒரு இரும்புக் கட்டை இறங்கி வெட்டும். கை உள்ளே இருக்கும்போது அது இறங்கிவிடக் கூடாது அல்லவா? அதற்காக இரண்டு பச்சை பட்டன்கள். இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று. இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். படத்தில் ஒரு சூப்பர்வைசர் வருகிறார். முகம் தெரியவில்லை. வாட்ச் கட்டிய கை மட்டும். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்து, அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டுப் போகிறது அந்தக் கை. அவ்வளவுதான். இனி ஒரு கை போதும். இன்னொரு கை சும்மா இருக்காமல் தகடு எடுத்து வைக்கலாம். வேலை சீக்கிரம் ஆகும்.

தொழிலாளி வேலை செய்கிறார். செய்துகொண்டே இருக்கிறார். திடீரென்று மெஷின் இறங்குகிறது. மூன்று விரல்கள் தட்டில் விழுகின்றன.

அவர் கத்தவில்லை. கையைப் பார்க்கிறார். ரத்தம்கூட உடனே வரவில்லை. இடது கையை நீட்டி மெஷினின் சுவிட்சை அணைக்கிறார். அதன் பிறகுதான் ரத்தம். படம் முடிந்துவிடுகிறது.

அந்தப் படத்துக்கு மட்டும் யாரும் கைதட்டவில்லை. எடுத்த பையன் பிரபு என்று ஒருவர், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறாராம், எழுந்து முன்னால் வந்து நின்றார். ஜட்ஜ் ஏதாவது கேட்க வேண்டுமே என்று ஜெசிந்தா என் கையில் மைக்கைத் திணித்தாள்.

நான் பெரிய மேதாவி மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்: "ஐடியா நல்லா இருக்கு. ஆனா நம்பும்படியா இல்லையே. மூணு விரல் போகுது, ஒரு மனுஷன் கத்தாம இருப்பானா? ரத்தமும் லேட்டா வருது. நீங்க இன்னும் கொஞ்சம் ரிசர்ச் பண்ணியிருக்கலாம்."

ரிசர்ச்! அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

பிரபு பின் வரிசையைப் பார்த்தார். அங்கிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். நீலச் சட்டை, இஸ்திரி போட்டது. படத்தில் நடித்தவர்.

"கத்தல மேடம்" என்றார். "நானும் அன்னிக்குக் கத்தல. கத்தணும்னுதான் பாத்தேன், சத்தம் வரல. மெஷின நிறுத்தணும்னு மட்டும் தோணுச்சு. அப்புறம் நின்னுக்கினே இருந்தேன்."

சொல்லிவிட்டு வலது கையைத் தூக்கிக் காட்டினார். கட்டை விரல், ஆள்காட்டி விரல். அவ்வளவுதான் இருந்தது.

நாற்பது பேரும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

டீ நேரத்தில் மன்னிப்புக் கேட்கப் போனேன். முருகேசன் சிரித்துக்கொண்டே, "நீங்க நல்லதுதான் கேட்டீங்க மேடம், இல்லன்னா நான் எதுக்கு எழுந்து நிக்கப் போறேன்" என்றார். பக்கத்தில் அவர் மனைவி கலைச்செல்வி. ஈஜிபுராவில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை செய்கிறார். படத்துக்கு மேக்கப் அவர்தான். தட்டில் விழுந்த அந்த மூன்று விரல்களைச் செய்தவரும் அவர்தான்.

எனக்குப் புரியச் சில வினாடிகள் ஆயின. போன விரல்களை, அவர் மனைவியே திரும்பச் செய்து ஒட்டி, கேமராவுக்கு முன்னால் மறுபடி வெட்டியிருக்கிறார்கள்!

"எப்படிம்மா செஞ்சே?" என்றேன்.

"பிரபு தம்பி எங்க மாடி வீடுக்கா. பார்லருக்குப் பக்கத்துலதான் இவங்க படம் எடுப்பாங்க, நான் சும்மா ரத்தம் கலக்கிக் குடுப்பேன். சர்க்கரப் பாகு, செவப்புக் கலரு, கொஞ்சம் காபித்தூள். இவரு ஒருநாள் வந்து, என் கதைய எடுங்கன்னு கேட்டாரு. வெரலு யார் செய்றதுன்னு ஆச்சு. வேற யாரு செய்ய? இடது கைய கண்ணாடி முன்னால வைக்கச் சொன்னேன். கண்ணாடியில பாத்தா அது வலது கை மாரி தெரியும் இல்ல? அதப் பாத்துப் பாத்து களிமண்ணுல புடிச்சேன். அப்புறம் அச்சு எடுத்து ஜெலட்டின் ஊத்துனேன். சுண்டு விரல் மட்டும் சரியா வரல. அதுல நகம் கொஞ்சம் கோணையா இருக்கும், சின்ன வயசுல கதவுல நசுங்குனது. கண்ணாடியில அது தெரியாது இல்ல... ஞாபகத்துல இருந்து செஞ்சேன்."

நான் கேட்காமலே மீதியையும் சொன்னார். ஷூட்டிங் அன்று காலை விரல்களை ஒட்டி, நிறம் தடவி முடித்ததும் முருகேசன் எழுந்து போய் ஒரு டீ கிளாஸை வலது கையால் பிடித்துப் பார்த்தாராம். விரல்கள் மடங்காது. ஆனாலும் பிடித்தாராம். போட்டோ எடுக்கச் சொன்னாராம். அப்புறம் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, 'கொஞ்ச நேரம் கழிச்சு எடுக்கலாமே' என்றாராம். தெர்மோகோலில் செய்த மெஷின் தயார். லைட் தயார். பிரபு ஒரு மணி நேரம் காத்திருந்தாராம்.

"அவரே வந்து, சரி வெட்டிடலாம்னாரு" என்றார் கலைச்செல்வி.

ஜெசிந்தாவிடம் ஓடிப்போய் மார்க் ஷீட்டைக் கேட்டேன். பத்துக்கு நான்கு போட்டிருந்தேன். மாற்ற வேண்டும். அவள் கொடுக்கவில்லை. "நீ இப்போ பாவப்பட்டு மார்க் போடுவ. அவங்களுக்கு அது அவமானம். போ" என்றாள். முதல் பரிசு லிஃப்டில் இறங்கிய பிணங்களுக்குப் போயிற்று.

இதோடு முடிந்திருந்தால் நான் வெட்கத்தோடு நிறுத்தியிருப்பேன். முடியவில்லையே.

படத்தில் விரல் விழுகிற முப்பது வினாடியை யாரோ போனில் பிடித்து அனுப்பிவிட்டார்கள். அது காக்ஸ் டவுனைச் சுற்றிவிட்டு எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்தது. 'சீ', 'சைக்கோக்கள்', 'இதையெல்லாம் தடை செய்ய வேண்டும்', 'குழந்தைகள் பார்த்தால் என்ன ஆவது?' — இப்படியே ஒரு நாள் முழுக்க. இதே குரூப்பில்தான் அதற்குச் சில வாரம் முன்னால் ஒரு பெரிய ஹீரோவின் படத்துக்குக் குடும்பம் குடும்பமாக டிக்கெட் போட்டார்கள். அதில் இடைவேளைக்குள் எத்தனை தலை உருண்டது என்று எண்ணிப் பார்க்கக்கூட முடியாது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பாப்கார்ன் ஊட்டினார்கள். அது மாஸ். ஏனென்றால் அங்கே செத்தவன் யாருக்கும் வீடு கிடையாது, மனைவி கிடையாது, மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய அவசியம் கிடையாது. இந்தப் படத்தில் ஒருவர் கத்தாமல் நின்றதைத்தான் இவர்களால் தாங்க முடியவில்லை.

நான் மட்டும் என்ன? மைக் கிடைத்ததும் 'இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாமே' என்றவள்தானே.

அந்த முப்பது வினாடி பொம்மசந்திராவுக்கும் போய்ச் சேர்ந்தது. விபத்துக்குப் பிறகும் முருகேசன் அதே ஃபேக்டரியில்தான் இருந்தார் — ஸ்டோரில், சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஹெச்.ஆர். கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வந்து ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கலைச்செல்வி எனக்குப் போன் செய்தார்.

"இங்கிலீஷ்ல இருக்குமாம்க்கா. நாங்க என்னான்னு படிக்கிறது? நீங்க கூட வந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும்."

அப்படித்தான் நான் பெரியம்மா பெண் ஆனேன்.

ஹெச்.ஆர். மேனேஜர் கெட்டவர் மாதிரியே இல்லை. அதுதான் எரிச்சல். கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்த ஊராம். எங்களை உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். "நாமெல்லாம் ஒரே ஊர்க்காரங்க, நமக்குள்ள எதுக்குப் பிரச்சனை" என்றார். ஒரு பேப்பரை முருகேசன் பக்கம் தள்ளினார். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

நான் எடுத்துப் படித்தேன். படத்தில் வருவது முழுக்கக் கற்பனை. எனக்கு நடந்த விபத்துக்கு என்னுடைய கவனக்குறைவே காரணம். நிறுவனத்தின் மெஷின்களில் எந்தக் குறையும் இல்லை. இப்படிக்கு... என்று கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. ஒவ்வொரு வரியாக முருகேசனுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துகொண்டே போனது.

முருகேசன் பேப்பரைத் தொடவில்லை. "பட்டன்ல டேப்பு சுத்தியிருந்தது உண்மைதான சார்?" என்றார்.

"அதெல்லாம் யாரு சுத்துனாங்கன்னு யாருக்குப்பா தெரியும்? ஆபரேட்டருங்களே சுத்திக்கிறதும் உண்டு. இப்போ பிரச்சனை அது இல்ல. இவ்ளோ கோரமா ஒரு வீடியோ. நான் பாதிக்கு மேல பாக்கல, தலை சுத்திடுச்சு. சாப்பாடு எறங்கல எனக்கு. கஸ்டமர் பாத்தா கம்பெனியப் பத்தி என்ன நினைப்பான்?"

அதுவரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த கலைச்செல்வி நிமிர்ந்தார்.

"சார், வீடியோவுல விழுந்தது ஜெலட்டின். நான் செஞ்சது. படம் முடிஞ்சதும் ஒரு டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். அன்னிக்கு இங்க விழுந்துச்சே மூணு... அத என்ன சார் பண்ணீங்க?"

அவர் விழித்தார். "என்னம்மா?"

"ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, வெரலு எங்கன்னு. கவர்ல போட்டு, ஐஸ்ல வச்சு உடனே கொண்டாந்திருந்தா ஒண்ணாவது ஒட்டிப் பாத்திருக்கலாம்னாரு. கூட வந்தவங்க யாருகிட்டயும் இல்ல. திரும்ப போன் பண்ணி கேட்டதுக்கு, மெஷின கழுவியாச்சுன்னு சொன்னாங்க. அடுத்த ஷிஃப்ட் வந்துட்டாங்களாம். கழுவி எங்க ஊத்துனாங்கன்னாவது சொல்லுங்க சார்."

குரலை உயர்த்தவில்லை. பார்லரில் 'எந்த கலர் வேணும்க்கா' என்று கேட்பது மாதிரிதான் கேட்டார். முருகேசன் மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வையிலிருந்து எனக்கு ஒன்று தெரிந்தது. இதைக் கலைச்செல்வி வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை.

மேனேஜர், "நான் அப்போ லீவுல இருந்தேன்" என்றார்.

எவ்வளவு நல்ல பதில் பாருங்கள்! சூப்பர்வைசர் ஷிஃப்ட் மாறிப் போயிருப்பார். ஆபரேட்டர் தானே சுற்றிக்கொண்டிருப்பார். மேனேஜர் லீவில் இருப்பார். மெஷின் மட்டும் டூட்டியில் இருந்திருக்கிறது.

முருகேசன் எழுந்தார். "கையெழுத்துப் போடல சார். எனக்கு இப்ப இருக்கற கையில எழுத ரொம்ப நேரம் ஆவும். அப்படிக் கஷ்டப்பட்டு எழுதறத பொய்யா எழுத முடியாது" என்றார். வெளியே வந்துவிட்டோம். காபியை யாரும் தொடவில்லை.

ஓசூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கலைச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜாஸ்தி பேசிட்டேனாக்கா?" என்றார். பஸ் வருகிறவரை நான் அந்தக் கையை விடவில்லை.

அடுத்த வாரம் முருகேசனை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவர்கள் குடியிருக்கிற ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ். வேலையை விட்டு எடுக்கவில்லை, அதற்கே சந்தோஷப்பட வேண்டும் என்றார்கள் தெரிந்தவர்கள். முழுப் படத்தையும் பிரபு இன்டர்நெட்டில் போட்டிருந்தார். கலைச்செல்வி கேட்டுக்கொண்டதால் எடுத்துவிட்டார். "அவரு வேலை முக்கியம்க்கா, படம் அவங்கவங்க போன்ல இருக்குமே" என்றார் கலைச்செல்வி என்னிடம். நான் வீரமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். இரண்டு பஸ் மாறிப் போகப்போவது நான் இல்லையே.

அவர் சொன்னது சரிதான். படம் போன்களில் இருந்தது. பொம்மசந்திராவில் கேன்டீனுக்குக் கேன்டீன் போயிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை பழைய யூனிட்டிலிருந்து ஒரு நண்பர் முருகேசனுக்கு ஒரு போட்டோ அனுப்பினார். அவர் எனக்கு அனுப்பினார். வரிசையாக ப்ரெஸ் மெஷின்கள். ஒரு பட்டனிலும் டேப் இல்லை. சுவரில் புது போர்டு — இரண்டு கைகளையும் பயன்படுத்தவும் என்று கன்னடம், ஹிந்தி, தமிழ் மூன்றிலும்.

அரை நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பிறகு கணக்கு உறைத்தது. முருகேசன் விரல் போய் ஒன்றரை வருடம் ஆகிறது; டேப் போனதோ இந்தப் படம் சுற்றிய பிறகுதான். அன்றைக்கு அந்த மெஷினைக் கழுவியவர்கள் டேப்பைப் பிரிக்கவில்லை. அடுத்த ஷிஃப்டில் வந்தவர் அதே டேப் சுற்றிய பட்டனோடு வேலை செய்திருக்கிறார். ஒன்றரை வருடம், ஒவ்வொரு ஷிஃப்டும். நிஜ ரத்தத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவியாயிற்று. சர்க்கரைப் பாகைக் கழுவ முடியவில்லை, அது கஸ்டமர் கண்ணில் பட்டுவிடும்!

சொல்லுங்கள், இந்த ஊரில் யார் கோரப் படம் எடுக்கிறார்கள்?

முருகேசனுக்குப் போன் செய்து, "பாத்தீங்களா தம்பி, டேப்ப எடுத்துட்டாங்க" என்றேன். உங்கள் படத்தால்தான் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் பெரிதாக மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

"அங்க எடுத்துட்டாங்கக்கா. இந்த யூனிட்ல இருக்கு. நாலு மெஷின்ல சுத்தி வச்சிருக்காங்க. காலையில ஸ்டோர் தெறக்கறதுக்கு முன்னாடி போய் நான் பிச்சிப் போட்டுடறேன். மறுநாள் பாத்தா புதுசா சுத்தியிருக்கும். திரும்பப் பிச்சிடறேன்."

"யாராவது பாத்தா? வேலை போயிடுமே?"

"பாத்துட்டாங்கக்கா. சூப்பர்வைசரு ஒண்ணும் சொல்லல. கையப் பாத்தாரு, போயிட்டாரு."

"எத்தனை நாளைக்கு இப்படி?"

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம். கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருந்தது.

"அந்த டேப்ப சுத்தறதுக்குத்தான்க்கா ரெண்டு கை வேணும். பிக்கறதுக்கு ரெண்டு வெரல் போதும்."